கப்பிச் சத்தம்

வெள்ளைப்பிட்டிச் சிவனைப் பார்க்க
நாற்பத்திரண்டு பேருக்குப் பாஸ்.
என் இலக்கம் முப்பத்தொன்று.
பெயர், அட்டை இலக்கம், பழைய விலாசம்.
கோயில் வடக்கு வீதி என்று எழுதிக் கொடுத்தேன்.
வாசித்த கிராம சேவகர்
அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தியில் இறக்கிப்
பையைக் கொட்டிப் பார்த்தார்கள்.
தேங்காய், கற்பூரம், கொஞ்சம் பூ,
இருமல் மருந்துப் போத்தலில் நல்லெண்ணெய்.
மூடியைத் திறந்து மணந்தவன்
தும்மினான்.
பிறகு ஆமியின் பஸ்.
யன்னலால் கை நீட்டக்கூடாது
வழியில் இறங்கக்கூடாது
படம் எடுக்கக்கூடாது.
சாமி கும்பிடலாம்.

சோழர் காலத்துக் கோயில் என்பார் பரஞ்சோதி.
எந்தச் சோழன் என்று கேட்டால்
வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொள்வார்.
இப்போது
கோபுரத்தில் பாதி, மீதிக்கு ஆலங்கன்று.
முருகைக்கல் சுவரில் ஷெல் துளைத்த பொந்துக்குள்
மைனா குஞ்சு பொரித்திருக்கிறது.
ஆவுடையாரில் ஒரு மூலை இல்லை.
எழுந்தருளியை உரப்பையில் சுற்றிச்
சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார் குருக்கள்,
தொண்ணூறாம் ஆண்டு.
இரண்டு பேரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு
எங்களிடம் மூன்று கதை இருக்கிறது.

விளக்குக்குப் பாதி எண்ணெய் விட்டேன்.
முதல் சுற்று எல்லோரோடும்.
வடமேற்கு மூலையில் மதில் விழுந்து கிடந்தது.
அந்த இடைவெளியில்
என் குசினியின் புகைக்கூடு.

இரண்டாம் சுற்றில் கிணற்றடி.
கொடியில் பச்சைத் துவாய்.
மூன்றாம் சுற்றில்
ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான்.
வாளி இறங்க
கப்பி கத்தியது.

அதே கத்தல்.
நாளைக்கு எண்ணெய் விடுறன் என்று
பரஞ்சோதி சொன்னது சித்திரையில்.
ஆனியில் வெளிக்கிட்டோம்.
மல்லாகத்து முகாமில் அவருக்குக் காய்ச்சல் ஏறியபோது
இந்தக் கப்பியைப் பற்றித்தான் ஏதோ சொன்னார்.
நான் மருந்து எடுக்கப் போயிருந்தேன்,
முழுதாய்க் கேட்கவில்லை.

சிவனுக்கு மூன்று சுற்றுப் போதும்.
நான்காவதுக்கு நான் போனபோது
காவலுக்கு நின்ற பொடியன்
என்னையே பார்த்தான்.
ஐந்தாவதில் கேட்டான்,
"அம்மா, எத்தனை தரம்?"
இருபது வயதிருக்கும்.
நாங்கள் வெளிக்கிட்ட பிறகு பிறந்தவன்.

மீதி எண்ணெயை அவனிடம் நீட்டினேன்.
கிணற்றைக் காட்டினேன்.
கயிறு இழுப்பதுபோல் கையை அசைத்தேன்.
கப்பி, கப்பி என்றேன்.
அவனுக்குத் தமிழ் அவ்வளவுதான்,
எனக்குச் சிங்களம் அதுவுமில்லை.

துவக்கைத் தோளுக்குத் தள்ளிவிட்டு
இரு கையாலும் வாங்கினான்.
கண்ணில் ஒற்றினான்.
உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி
உச்சியில் தேய்த்துக்கொண்டான்
சாமி எண்ணெய் என்று நினைத்து.
போத்தலைப் பத்திரமாகச்
சட்டைப்பைக்குள் வைத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அழுகை வரும் என்றுதான்
வரும்போது கைலேஞ்சி கொண்டுவந்தேன்.

பஸ்ஸில் தலைகளை எண்ணினார்கள்.
நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினார்கள்.
ஞானவல்லி அக்கா பின்சீற்றில்
குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
நாற்பத்திரண்டு.
டிரைவர் ஸ்டார்ட் பண்ணினான்.
எஞ்சின் சத்தத்துக்குள்ளாலும்
கேட்டுக்கொண்டிருந்தது
எங்கள் கப்பி.