கொக்கியின் பாரம் கழித்து

மயிலிட்டித் துறைமுகத்துப் பாரந்தூக்கிக்குப்
புதுத் திரை பூட்டப் போனேன்.
பழையதற்குள் உப்பு குடியேறியிருந்தது.
எட்டும் பூச்சியமும் ஒரே முகமாய் மங்கிக் கிடந்தன.
ஓட்டுநர் அமலதாஸ் சொன்னார்:
"நான் உதைப் பாக்கிறேல்லைப் பிள்ளை.
கம்பி பாடும். பாட்டு மாறினால் நிப்பாட்டுவன்."

கப்பியின் அச்சுக்குள் உணரி.
என் மணிக்கட்டுத் தடிப்பில் ஓர் உருக்கு;
பாரம் வந்தால் கண்ணுக்குப் படாமல் நெளியும்,
நெளிந்ததை மில்லிவோல்ற்றில் சொல்லும்.
நாலு வயர்: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை.
பச்சையும் வெள்ளையும் இடம் மாறினால்
தூக்கத் தூக்கப் பாரம் குறையும்.
முதல் தரம் எனக்கு அப்படித்தான் காட்டியது.
ஒருவரும் பார்க்கவில்லை.
மாற்றி முறுக்கினேன்.

பிறகு பூச்சியம்.
வெறுங்கொக்கி என்கிறோம். கொக்கி வெறுமையில்லை:
கப்பிக்கட்டை, குறுக்குச் சட்டம், இரண்டு பட்டி,
எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டுக் கிலோ.
பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன்.
முந்நூற்றுப் பதினெட்டுக் கிலோ இரும்பு
எங்கள் தலைக்கு மேலே தொங்கியபடியே
இல்லாமற் போனது.

சோதனைப் படிகள் ஏற்றிய லொறி
மாங்குளத்தில் டயர் வெடித்து நிற்கிறதாம்.
அதனால் தண்ணீர்.
பெரிய மஞ்சள் பையைக் கொக்கியில் மாட்டி
பவுசரிலிருந்து குழாய் விட்டோம்.
ஆயிரம் லீற்றர் ஆயிரம் கிலோ, நல்ல தண்ணிக்கு.
இது சவர்.
போத்தலில் பிடித்து அடர்த்தி பார்த்தேன்:
ஆயிரத்துக்கு மேலே மூன்று.
அந்த மூன்றையும் எழுதிக்கொண்டேன்.
ஒரு தொன், இரண்டு, மூன்றரை, ஐந்து.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் பை ஆடி அடங்கும்வரை
ஒருவரும் கதைக்கவில்லை,
பிளேன்ரீயில் எறும்பு விழுந்ததைப் பார்த்தபடி.

முதல் வள்ளம் றெஜிஸ் அண்ணையுடையது. பிலோமினா.
நாலரைத் தொன் என்று கடதாசி காட்டினார்.
அடிப்பலகை நீரை விட்டதும்
4.91.
அலாரம் அலறியது; காகங்கள் எழும்பின.
"ஐஞ்சு வரேல்லையே, ஏன் கத்துது?"
கொக்கியைக் காட்டினேன்.
திரைக்குத்தான் அது இல்லை, அண்ணை.
கைமரத்துக்கு இருக்கு. அலாரத்துக்கும் இருக்கு.

அவர் கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
குரலைத் தாழ்த்தி
"எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்கேலாதோ?"
கடவுச்சொல் நாலு இலக்கம்.
எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.
மேலேயிருந்து அமலதாசும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறக்குங்கோ," என்றேன்.

அடித்தளத் தண்ணியை இறைத்தார்கள். 4.77.
ஈர வலையை இழுத்துப் போட்டார்கள். 4.71.
நங்கூரமும் பழைய பற்றரியும். 4.69.
இன்னும் முனகியது.
றெஜிஸ் அண்ணை அணியத்துக்குப் போய்
ஆணியடித்திருந்த மாதா சொரூபத்தில் கைவைத்து நின்றார்.
"இவவை மட்டும் கழற்ற மாட்டன்."
வேண்டாம், அவ மூன்று கிலோவும் வரமாட்டா.
காஸ் சிலிண்டரை எடுத்து வெளியே வைத்தார்.
வாயால் ஏதோ ஏசிக்கொண்டு.

4.67.
சத்தம் நின்றது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.
பிலோமினா சிப்பியும் பாசியும் சொட்டச் சொட்ட
கரைக்கு மேலே வந்து
கட்டைகளில் அமர்ந்தாள்.

பொழுது சாய்ந்ததும் கொக்கியை வெறுமனே தொங்கவிட்டு
நேர்த்தியா என்று பார்த்தேன்.
சோளகம் பட்டியை அசைத்தது.
0.01. 0.00. பூச்சியத்துக்குக் கீழே ஒன்று. 0.00.
அது பிழையில்லை, காற்று.
படிவத்தில் கையெழுத்துப் போட வந்த அமலதாசிடம்
கேட்காமல் இருக்க முடியவில்லை:
நாலு தசம் ஒன்பது ஒன்றில் கம்பி என்ன பாடினது?

பேனையை மூடினார்.
"எப்பவும் பாடுறதைத்தான்."

பிறகு சட்டை நுனியால்
திரையை ஒருதரம் துடைத்தார்,
அதில் ஒரு தூசும் இல்லை.