பார்லிப் பை

மணல் பை வேண்டாம் என்றாள் ஆர்லிஸ்.
சுமந்து வந்த தோளே நடுங்கும்,
பிறகு துப்பாக்கி எப்படி நிற்கும்?
பிளாஸ்டிக் மணி நிரப்பியதைக் கடைக்காரன் எடுத்து வைத்தான்.
அமுக்கிப் பார்த்து, "மீன் வயிறு" என்று தள்ளினாள்.
கடைசியில் வாங்கியது
முயல் காதுபோல் இரண்டு மேடு வைத்துத் தைத்த
வெறும் தோலுறை, பதினெட்டு டாலர்.
உள்ளே போடத்தான் களஞ்சியத்தில் பார்லி கிடக்கிறதே.
நிரப்பி, ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்தாள்.

மான்டானாவில் அக்டோபர் காற்று
புல்லைப் படுக்கவைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும்.
நூறு கஜம் தள்ளி அட்டை.
முன்னால் ஒரு பை, பின்கட்டைக்கு அடியில் இந்தப் பை,
நடுவில் அவள் மூச்சு.
தொலைநோக்கியில் கண் வைத்து நான் சொல்கிறேன்:
இரண்டு அங்குலம் மேலே.
மூன்று.
இன்னும் மேலே.

காற்றைத் திட்டினாள். தோட்டாவைத் திட்டினாள்.
திருகைச் சொடுக்குச் சொடுக்காய்க் கீழிறக்கினாள்.
என் கண்ணையும் விட்டுவைக்கவில்லை.
மூச்சை அடக்கும் நேரம் பார்த்துக்
குறுக்குக்கோடு மயிரிழை எழுகிறதாம்,
ரொட்டி மாவு உப்புவதுபோல்.

சத்தம் அடங்கியதும் மேசைக்கடியில் ஏதோ கொத்தியது.
குனிந்தால் இரண்டு குருவிகள்.
தையலோரம் எலி போட்ட துளை.
ஒவ்வொரு மணியாய்
அவள் குறி ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை.
ஒரு கையுறையைக் கழற்றித் துளையில் திணித்தாள்.
சொடுக்குகளை எண்ணிப் பழைய இடத்துக்கே ஏற்றினாள்.
குளிரில் சிவந்த விரலால் விசையைத் தொட்டாள்.

"நடுவில்" என்றேன்.
நம்பாமல் தானே வந்து பார்த்தாள்.
குருவிகள் அதற்குள் திரும்பிவிட்டன.