தாழ்ப்பாள்

எம்ரிஸ் கெதின் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில்
முதல் வரியிலேயே "திருட்டு" இருந்தது.
அதை அடித்தேன்.

ரூத்தினில், கறிக்கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம்.
சனிக்கிழமை. அவர் கம்பளிச் சட்டையில் ஆட்டு வாடை.
மேசைமேல் இரண்டு தாழ்ப்பாள்:
ஒன்று அவர் செய்தது,
ஆடு எத்தனை முட்டினாலும் தானே விழுந்து பூட்டிக்கொள்வது,
காப்புரிமை பெற்றது.
மற்றது கோர்வென் கடையில்
பதினோரு பவுண்டுக்கு வாங்கியது.
கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்.
எது எதுவென்று விரலுக்குத் தெரியவில்லை.

"உடனே நிறுத்து, இல்லையேல் கோர்ட்டில் பார்ப்போம்."
அதையும் அடித்தேன்.
வார்த்தவனிடம் இப்படிப் பேசலாம், எம்ரிஸ்,
கப்பலில் இறக்கியவனிடமும் பேசலாம்.
வாங்கி விற்கிற கடைக்காரியிடம் பேசினால்
இந்த நாட்டில் அது மிரட்டல்.
அவள் உங்கள்மேல் வழக்குப் போடலாம்.

"என் பொருளை என் பொருள் என்று
சொல்லக்கூடாதா?"
சொல்லலாம். எண்ணைச் சொல்லலாம்.
யார் செய்தது என்று கேட்கலாம்.
கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடித்து அடித்து
இரண்டு பக்கம் நாலு வரியானது.
முகம் கழுவி, வகிடெடுத்து,
பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி ஒரு கடிதம்.

படித்தார். மடித்தார்.
தொப்பியை விரலில் சுழற்றிக்கொண்டே
"செவ்வாய்க்கிழமையே போட்டுவிட்டேன்" என்றார்,
"அந்தப் பழையதை. பதிவுத் தபாலில்."

கீழே கத்தி தீட்டும் சத்தம்.

பத்தாம் நாள் செஸ்டரிலிருந்து பதில்,
மூன்று வக்கீல்களின் பெயர் அச்சிட்ட தாளில்.
மிரட்டியதற்கு நஷ்டஈடு.
அதோடு,
விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு
டென்பி கண்காட்சியில்
கூடாரக் கம்பத்தில் இதே தாழ்ப்பாளை மாட்டி
போவோர் வருவோரையெல்லாம்
ஆட்டிப்பார்க்கச் சொன்னாராமே?
ஆகவே காப்புரிமையே செல்லாது.
புகைப்படம் இணைப்பு.

படத்தில் எம்ரிஸ் சிரிக்கிறார்.
மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு சிறுமி
தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்,
விடப்போகிறாள்.

"இதை என்னிடம் சொல்லவே இல்லையே?"
"நீங்கள் கேட்கவே இல்லையே."

அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நான்.
தேதி, அளவு, இரும்பின் ரகம்,
எல்லாம் கேட்டிருந்தேன்.

அவர் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து
பழைய கோப்பை எடுத்தேன்.
அதே அலமாரியில்தான் இருக்கிறது,
என் தொழில் தவறுக்கான
காப்பீட்டுப் பத்திரமும்.