மூன்று மில்லிமீட்டர்

கீழே விழுந்தால் சத்தம் வராது.
அதுதான் முதல் சிக்கல்.
மூன்று மில்லிமீட்டர் செப்பு வலை,
அதன் விளிம்பில் ஒட்டிய ஒரு சீவல்:
லித்தியம் படலம், நாற்பது நானோமீட்டர்,
எஸ்கிலின் ஏழு மாதம்.

இடுக்கி தும்மியது போலொரு துள்ளல்.
இடுக்கி என் கையில்.

"யாரும் அசையாதீங்க" என்றாள் தூருன்.
தூக்கிய காலைக் கீழே வைக்காமல்
மூன்று கொக்குகளாக நின்றோம்
டிரோண்ட்ஹைமில் ஒரு நிலவறையில்.
மேலே முழங்காலளவு பனி.
செருப்பெல்லாம் கதவுக்கு வெளியே,
உள்ளே கம்பளிக் காலுறை நடமாட்டம்தான்.

இரவு இரண்டே கால்.
கைவிளக்கைத் தரையோடு சாய்த்தால்
ஒவ்வொரு தூசிக்கும் ஒரு நீள நிழல் முளைக்கிறது.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடுகிறோம்.
ஐந்து வருடம் நின்ற தரையில்
இவ்வளவு குடியிருப்பது எனக்குத் தெரியாது:
திருகாணி, காப்பித் தூள், யாரோ கடித்துத் துப்பிய நகம்,
போன கோடையில் வேலையை விட்ட ஹோகோனின்
பெயர்ச்சீட்டில் பாதி, "கோன்" மட்டும்.

அணுவுக்கும் அணுவுக்கும் நடுவிலுள்ள சந்தைக் காட்டும் கருவி
பின்னால் இரண்டாள் உயரத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது.
அதற்குத் தரை தெரியாது.

எஸ்கில் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
மேசைக்கடியிலிருந்து, குளிரில் நடுமலையில் நின்றுபோகும்
மின்பேருந்தைப் பற்றி ஏதோ சொன்னான்,
அவன் அம்மா ஓட்டுவது.
அவளுக்காகத்தான் இந்தப் படலம் என்று சொல்லவில்லை.
நானாகக் கூட்டிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து அகப்பட்டது
தூருனின் இடது குதிகாலில்,
சாம்பல் நிறப் பின்னலின் ஒரு கண்ணியில்.
காற்றுப் பட்ட லித்தியம் பிறகு எதற்கும் ஆகாது.
மூவருக்கும் தெரியும்.
இருந்தும் உள்ளே வைத்தோம்,
வெற்றிடம் இறங்கும்வரை யாரும் உட்காரவில்லை.

எலக்ட்ரான் கற்றை விழுந்ததும்
முதலில் வந்தது ஆடு.
ஒரே ஒரு மயிரிழை, ஓட்டு வீடு போலச் செதில் செதிலாய்,
திரையை அடைத்துக்கொண்டு.
எஸ்கில் சிரித்தான். தூருன் காலுறையைப் பார்த்தாள்.

இழையைத் தாண்டி நகர்த்தினால்
படலம் பொரிந்துகிடக்கிறது,
உப்புப் பூத்த சுவர் போல.
மேலே பனி வழிக்கும் வண்டி போக
படம் நடுங்கி நின்றது.

நின்ற இடத்தில்,
இரண்டு மணிகள் சேரும் ஒரு வரப்பு மட்டும்
அரிக்கப்படாமல் இருந்தது.
வரிசை குலையாத அணுக்கள்.
காற்று அங்கே போகவில்லை.
எல்லா இடமும் போனது அங்கே மட்டும் ஏன் போகவில்லை?

தூருன் பதிவேட்டை இழுத்து எழுதினாள்:
மாதிரி 31. காலுறை.

எஸ்கில் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.
"அடுத்த வாரம் முப்பத்திரண்டு தயாராகிவிடும்" என்றான்.
"அதையும் கீழே போடுவாயா?
இதே தரையில். நாற்பது நிமிடம்."