கொக்கி

குன்னூரில் வீடு கட்டிய யாரும்
கூரையில் கொக்கி விட்டதில்லை.
மறதி இல்லை.
குளிர் எங்கே போய்விடப்போகிறது என்ற
தைரியம்.

இந்த ஏப்ரலில் மட்டும்
பதினேழு கூரைகளைத் துளைத்திருக்கிறேன்.
அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது.
கண்ணில் விழுவது
அறுபது வருஷத்துச் சிமெண்ட்.

இன்றைக்குப் பெட்ஃபோர்டில், எஸ்தர் சிஸ்டர் வீடு.
ஏணியை ஜெர்வின் பிடித்திருக்கிறான்.
சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில்
அவர் மகள், பெர்கனிலிருந்து,
நான் துளை போடுவதைப் பார்க்கிறாள்.
ஜன்னலுக்குக் கீழேயே கடலாம்.
பிள்ளைக்கு வாங்கிய பனிச்சறுக்கு வண்டி
மூன்று குளிர்காலமாய்ப் பரணில் கிடக்கிறதாம்,
மழைதான், மழைதான் என்கிறாள்.
"இங்க அனுப்பிடு,
தேயிலைச் சரிவுல விட்டுக்கலாம்"
என்கிறார் சிஸ்டர்.
ஏணி குலுங்குகிறது, ஜெர்வின் சிரிப்பில்.

உறைபனி இல்லாமல் போய்விடவில்லை.
வருகிறது, தேதி சொல்லாத விருந்தாளி மாதிரி.
போன பிப்ரவரி கடைசியில்,
கொழுந்து விட்டபின் வந்து
கேத்திப் பக்கம் மூன்று ஏக்கரைக் கருக்கிவிட்டுப் போனது.
அதே வாரம், ஒரு மத்தியானத்தில்,
தோட்டம் கருகின பெள்ளனே
கடைக்கு வந்து ஒரு ஃபேன் வாங்கினார்.
பில்லில் மாதத்தைப் பார்த்து இரண்டு பேரும்
ஒன்றும் சொல்லவில்லை.

துளை முடிந்தது. கொக்கி இறுகியது.
ஸ்விட்சைப் போட்டேன்.
காற்று நேராகப் போனது
மூலையிலிருந்த கணப்புக்கு.
எந்த வருஷம் எரித்ததோ,
சாம்பல் எழுந்து வந்து
சோபாவில், சர்க்கரை டப்பாவில்,
பெர்கன் மகளின் முகத்தில் படிந்தது.
"குறைப்பா, குறை."
சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார் சிஸ்டர்.
ஒன்றில் வைத்தேன்.
போனைத் துடைத்த விரலோடு ரெகுலேட்டரைப் பார்த்தவர்
இது எதுவரைக்கும் போகும் என்று கேட்டார்.
ஐந்து வரை.