நாக்கு

பொதட்டூர்ப்பேட்டை அங்கன்வாடிக்கு
நான் மாற்றலாகி வந்த மூன்றாம் நாள்
முனிகிரண் சேர்ந்தான்.
வயது இரண்டு, மாதம் ஏழு.
தொங்கு தராசில் பதினொன்றே முக்கால் கிலோ.
நகரியிலிருந்து இந்தப் பக்கம் தறிக்கு வந்து
இரண்டு மாதம் ஆகிறதாம்.
அவன் அம்மா தமிழில்தான் சொன்னாள்,
சில்லறை எண்ணுவதுபோல
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.
நான் மன்னார்குடிக்காரி.
குனிந்து எழுதிக்கொண்டேன்.

பத்தரைக்குள் கடித்துவிட்டான்.
யக்ஷிதாவின் முழங்கைக்கு மேல்
பாட்டில் மூடியை அழுத்தி எடுத்த மாதிரி ஒரு வட்டம்.
மறுநாள் தர்ஷித்.
அதற்கடுத்த நாள் நான்.

கடிப்பதற்கு முன்னால் ஒரு சொல் சொல்வான்:
நாக்கு.

சிவப்புக் கட்டையைப் பார்த்து நாக்கு.
கால் உடைந்த பிளாஸ்டிக் குதிரையைப் பார்த்து நாக்கு.
சத்துமாவு உருண்டையைப் பார்த்து,
என் கழுத்தில் தொங்கும் சாவியைப் பார்த்து.

மொபைல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தேன்.
புண்ணில்லை, வெள்ளை படியவில்லை.
பதினாறு பல்லும் அரிசி மாதிரி.
செவ்வாய்க்கிழமை வந்த நர்ஸ்
எதற்கும் இருக்கட்டுமென்று
ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள்.
அதையும் கடித்தே குடித்தான்.

அன்று உடல் உறுப்புப் பாடம்.
கண் எங்கே, காது எங்கே, நாக்கு எங்கே என்றேன்.
பதினெட்டுப் பிள்ளைகளும் நாக்கை நீட்டினார்கள்.
அவன் இரண்டு கையையும் நீட்டினான்.
உள்ளங்கை மேல் பார்த்து,
விரல் எல்லாம் விரித்து.

நான் அந்தக் கையில் ஒன்றும் வைக்கவில்லை.
தப்பு கண்ணா, நாக்கு இது, என்று
என் நாக்கைக் காட்டினேன்.

பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்குதான்.
ஒன்றுகூட எனக்குச் சொல்லவில்லை.
மூன்று வயதில்
டீச்சருக்குத் தெரியாதது ஒன்று இருக்குமென்று
யாருக்குத் தோன்றும்?

மகள் பிரசவத்துக்குப் புத்தூர் போயிருந்த
ஆயா ரெட்டம்மா பத்தாம் நாள் திரும்பினாள்.
முட்டை உரித்துக்கொண்டிருந்தவள்
அவன் குரல் கேட்டதும் நிமிர்ந்தாள்.
எனக்கு எனக்குன்னு கேக்குது டீச்சர் புள்ள.
குடுக்கறதுதானே.

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
அந்தச் சத்தம் இல்லையென்றால்
நான் விழுங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

பதிவேட்டை எடுத்தேன்.
மொழி வளர்ச்சி என்ற கட்டத்தில்
பேசவில்லை என்று பென்சிலால் எழுதியிருந்தேன்.
அழித்தேன். தாள் மெலிந்து போயிற்று.
கூடவே கடிக்கும் பழக்கம் என்றிருந்த வரியையும்.
அதை மட்டும்
வெள்ளிக்கிழமை திரும்ப எழுதவேண்டி வந்தது.

ரெட்டம்மா எனக்கு இரண்டு சொல் கொடுத்தாள்.
நீக்கா? என்றால், உனக்கா?
ஆகு என்றால், பொறு, கொஞ்சம் நில்.
என் ஊரில் அதற்கு வேறு பொருள்.
குதிரை தர்ஷித்திடம் இருக்கும்போது
அவன் முன்னால் உட்கார்ந்து
நீக்கா? என்பேன்.
வாய் திறந்தபடி என்னையே பார்ப்பான்,
சுவர் பேசிவிட்டது மாதிரி.
ஆகு, என்பேன்.
முதல் நாள் மூன்று எண்ணும் நேரம் பொறுத்தான்.
புதன்கிழமை ஏழு.
கட்டை விரல் வாயில் இருக்கும்,
குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்,
ஆனால் பொறுத்தான்.

இன்று மதியம்
கட்டைகளை அடுக்கி ஒரு வீடோ பஸ்ஸோ கட்டினான்.
சிவப்புக் கட்டை ஒன்று மிச்சம்.
அதைத் தூக்கிக்கொண்டு
யக்ஷிதாவிடம் நடந்துபோய்
முகத்துக்கு நேரே நீட்டி
நாக்கு? என்கிறான்.
உனக்கு, எனக்கு எல்லாம் இன்னும் ஒரே சொல்தான் அவனுக்கு.

யக்ஷிதா பாடம் மறக்காதவள்.
நாக்கை நீட்டுகிறாள்.

அவன் கட்டையை நீட்டியபடியே நிற்கிறான்.
அவள் நாக்கை நீட்டியபடியே நிற்கிறாள்.

எழுந்து போக வந்த முழங்காலை
கையால் பிடித்துக்கொண்டு
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்:
ஆகு.