ஓர் எழுத்து குறைந்தவர்

டலூத்தில் அக்டோபரிலேயே
ஏரி இரும்பு நிறத்துக்கு மாறிவிடும்.
அந்த வாரம்தான் ஆர்வோ நிஸ்கனென்
சமையலறை மேசையில் என் கேள்விகளுக்கு விடை சொன்னார்.
வயது நாற்பத்தேழு. தாதுக் கப்பல் துறையில் வேலை.
உயரம் சொல்லும்போது முதுகை நிமிர்த்தினார்.
எடை சொல்லும்போது மனைவி லோர்னா இருமினாள்.
பத்து பவுண்டு கூட்டி எழுதிக்கொண்டேன்.

அப்பா எதனால் இறந்தார்?
"ஏரியால்."
இதயம், சிறுநீரகம், புற்று, சர்க்கரை
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.
'பிற' என்பதில் குறி போட்டேன்.
"பிற இல்லை," என்றார். "ஏரி."
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.

சனிக்கிழமை நர்ஸ் போனாள்,
எடை பார்க்கும் பெட்டியை
தூங்கும் பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு.
வெறும் வயிறு என்று சொல்லியிருந்தும்
ஒரு வாய் காபி குடித்துவிட்டதாக
தானே ஒப்புக்கொண்டாராம்.
திங்களன்று மறுபடி போனாள்.
இரண்டு குழாய் ரத்தம், ஒரு குப்பி சிறுநீர்,
கையை இறுக்கும் பட்டை மூன்று முறை,
மூன்று முறையும் வேறு எண்.

பிறகு டெ மாய்னில்
எனக்குக் குரலாக மட்டும் தெரிந்த க்வென்டலின் ஷ்ராடர்
ஒன்பதாம் மாடியில் அவரைப் பிரித்துப் படித்தாள்.
டாக்டரின் பழைய குறிப்புகளுக்கு ஐந்து வாரம் காத்திருந்தாள்.
கொழுப்பைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள்.
ஓரத்தில் இருந்த ஏரியைப் பார்த்து
"இது என்ன?" என்று போன் செய்தாள்.
சொன்னேன்.
கொஞ்சம் நேரம் தட்டச்சுச் சத்தம் இல்லை.

ஆர்வோ எத்தனை நாள் இருப்பார் என்று
அவள் ஒருநாளும் சொல்ல மாட்டாள்.
ஆயிரம் ஆர்வோக்களில் எத்தனை பேர் என்பதே அவள் கணக்கு.
"இரண்டு படி ஏற்றித் தருகிறேன்."
மாதம் பதினெட்டு டாலர் கூடுதல்.
லோர்னா கேபிள் டிவியை நிறுத்தினாள்.

பாலிசியைத் தபாலிலும் அனுப்பலாம்.
நான் நேரில் கொடுப்பவள்.
உறைமழையில் நாற்பது நிமிடம் ஓட்டிப் போனேன்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் ஆர்வோ சிரித்தார்.
நிஸ்கனெ.
பெயரின் கடைசி மெய் எங்கோ வழியில் உதிர்ந்திருந்தது.
"இது யாரோ நல்ல உடம்புக்காரன்," என்றார்.
திருத்தித் தருவார்கள் என்றேன்.
பத்து நாள் படித்துப் பாருங்கள்,
பிடிக்காவிட்டால் திருப்பலாம் என்றேன்.
முதல் பிரீமியம் செக்
உப்புக் குப்பிக்கு அடியில் தயாராக இருந்தது.

மிச்சம் ஒரே ஒரு தாள்.
விண்ணப்பித்த நாளிலிருந்து இன்றுவரை
உடல்நிலையில் மாற்றம் உண்டா?
யாரும் உண்டு என்றதில்லை.
'இல்லை'யின் மேல் பேனாவை வைத்துக்கொண்டேதான் கேட்பேன்.

"செவ்வாய்க்கிழமை ஏணியில்," என்றார்.
"இடது கையிலிருந்து தாடை வரை
கம்பி போட்டு இழுத்த மாதிரி. அரை நிமிஷம்தான்."

லோர்னா குழாயை மூடினாள்.
"எந்தச் செவ்வாய்?"
"போனதற்கு முந்தினது."

பேனாவை மூடினேன்.
அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைக் கேட்டார்:
"சொல்லாமல் இருந்திருக்கலாமோ?"
இருந்திருந்தால் அந்த நொடியே அது நடைமுறைக்கு வந்திருக்கும்,
என் கமிஷனும்.
பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் லோர்னா பூட்ஸ் மாட்டிவிட்டாள்.
"கோட்டைப் போடு," என்றாள்.

அவர்களுடைய டிரக்கை மறித்து நின்றது என் கார்.
அவசரமாகப் பின்னால் எடுத்தேன்.
ஆஸ்பத்திரிப் பக்கம் அவர்கள் திரும்பும்வரை
சிவப்பு விளக்குகளைப் பார்த்திருந்தேன்.

கொடுக்கப்படாத பாலிசியோடு ஒரு சீட்டு வைக்க வேண்டும்.
'காரணம்' என்று போட்டு
ஒற்றை வரி விட்டிருப்பார்கள்.
ஹீட்டரை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன்.
காலியாகவே மடித்தேன்.

பக்கத்து இருக்கையில், உறைக்குள்,
மெய் இல்லாத அந்த நிஸ்கனெ
பழுதில்லாத இதயத்தோடு, ஒப்புதல் முத்திரையோடு
சறுக்கும் சாலையில் என்னோடு வந்தார்.
இரண்டாவது திருப்பத்தில் நழுவிக் கீழே விழுந்தார்.
எடுக்க முடியவில்லை.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.